கணினிக்கு வந்த தண்ணீர் யோகம்

சென்னையில் மே மாதம். மாடித் தொட்டி காலி. தெருவில் லாரிக்காகக் குடங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. நானோ, சூட்டைத் தணிக்கக் கணினிக்குத் தண்ணீர் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஐயாவுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, டிஸ்டில்டு வாட்டர்தான். தண்ணீரின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர் செம்பு என்றால் பிராசஸர் மேல் உட்காரும் பிளாக்கும் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியம் சேர்ந்தால் அரித்துவிடும். ஜாதகம் பார்த்துத்தான் சம்பந்தம்.

மதர்போர்டுக்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓடவிட்டு, இணைப்புக்கு இணைப்பு டிஷ்யூ பேப்பர் விரித்துக் காவல் காத்தேன். பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படித் துணி விரித்ததில்லை.

ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் எவ்வளவு தண்ணீர் சுற்றினாலும் சூடு அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது. அறையிலோ 36 டிகிரி.

வெறுங்குடத்தோடு வந்த மனைவி கேட்டாள்: "அதுல ஊத்தின ஒரு லிட்டரைத் திருப்பி எடுக்க முடியுமாங்க? உலை வைக்கணும்."