சர்வ சங்கச் செயலாளர்

அவரை அடையாளம் காண்பது எளிது. மற்றவர்கள் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் காலில் கம்பூட்டுமாக நடக்கிற இடத்தில், கக்கத்தில் சுருட்டிய பேனரோடு ஒருவர் விரைந்து போனால் அவர்தான் செயலாளர். எந்தச் சங்கத்துக்கு என்று கேட்கக் கூடாது. நாட்டு நலப்பணித் திட்டம், வனவிலங்கு மன்றம், செல்லப்பிராணி மன்றம், குருதிக்கொடைக் குழு, தமிழ் மன்றம் என்று கால்நடை மருத்துவக் கல்லூரியில் எத்தனை உண்டோ அத்தனைக்கும்தான். என்.சி.சி. குதிரைப் பிரிவில் மட்டும் அவர் இல்லை. குதிரைகளுக்கு ரசனை போதாது என்பது அவர் சொல்லும் காரணம். முதல் நாளே குதிரை அவரை இறக்கிவிட்டுவிட்டது என்பது வகுப்பு சொல்லும் காரணம்.

பி.வி.எஸ்சி. ஐந்தரை வருடப் படிப்பு. நாலரை வருடம் வகுப்பு, ஒரு வருடம் உள்ளிருப்புப் பயிற்சி. எலும்பைத் தொட்டுப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். சாணத்தைக் கரைத்து நுண்ணோக்கியில் புழு முட்டை தேட வேண்டும். காம்பைப் பீய்ச்சி மடிநோய் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். எல்லாம் கைவேலை. செயலாளருக்கும் கைவேலை உண்டு: கைதட்டல், கைகுலுக்கல், பொன்னாடை போர்த்தல்.

காட்டாங்குளத்தூரை ஒட்டிய காட்டுப்பாக்கம் பண்ணைக்குப் பயிற்சிக்குப் போனால் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். தாய்ப் பன்றியின் பாலில் இரும்புச்சத்து குறைவு. அதனால் பிறந்த சில நாட்களிலேயே குட்டிகளுக்கு இரும்பு ஊசி போட வேண்டும். போடாவிட்டால் சோகை பிடித்துவிடும். மாணவர்கள் ஆளுக்கொரு குட்டியைப் பிடித்ததும் நம்மவர் வரவேற்புரையைத் தொடங்கினார். பன்றிக்குட்டியைத் தூக்கினால் அது எழுப்பும் சத்தம் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். "அவையோர்களே" என்று அவர் சொன்னதும் அவை முழுவதும் வீறிட்டது. அவரது பொதுவாழ்வில் எதிர்ப்பைச் சந்தித்த முதல் கூட்டம் அதுதான். ஆனாலும் நன்றியுரை வரை விடவில்லை.

வனவிலங்கு மன்றம் சார்பில் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு ஒரு பயணம். ரோமுலஸ் விட்டேகர் 1976இல் தொடங்கிய இடம். அதே வளாகத்தில்தான் 1978இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து பானைகளில் வைத்து, நஞ்செடுத்துவிட்டு, சில வாரங்களில் மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து வருகிறது. ஆக, குதிரை, பாம்பு, மனிதன் மூன்றும் சேர்கிற வேலை என்பதால் கால்நடை மாணவன் அவசியம் பார்க்க வேண்டியது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது பாம்பு பிடிக்கும் இந்தக் கைத்திறனுக்காக.

பானையின் வாய்த்துணியை அவிழ்த்தபோது மாணவர்கள் முன்னால் நகர்ந்தார்கள். செயலாளர் பின்னால் நகர்ந்தார். "கடைசி வரிசைக்கும் தெரிகிறதா என்று பார்க்க யாராவது வேண்டாமா?" என்றார். கடைசி வரிசை என்று ஒன்று அவர் போய் நின்ற பிறகுதான் உண்டானது.

தை, மாசியில் ஆமைக் கூடுகளைத் தேடிக் கடற்கரையில் ஆமை நடை. சிற்றாமை எனும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் இரவில் கரையேறி, பின்னங்கால் துடுப்பால் குழி தோண்டி, நூறு முட்டை போல இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண். ட்ரீ பவுண்டேஷன் போன்ற அமைப்புகள் மீனவ இளைஞர்களோடு சேர்ந்து பல்லாண்டுகளாக இந்தக் கரையில் கூடுகளைக் காக்கின்றன. வெளிச்சம் பட்டால் ஆமை திரும்பிவிடும் என்பதால் டார்ச் கூடாது, பிளாஷ் கூடாது. செயலாளர் மனம் தளரவில்லை. இருட்டிலேயே பேனரைப் பிரித்து, இருட்டிலேயே வரிசையாக நிற்கவைத்து, படமும் எடுத்தார். முழுக் கறுப்பாக வந்த அந்தப் படம் செயல் அறிக்கையில் இருக்கிறது: "இடமிருந்து வலமாக" என்று தொடங்கி எல்லார் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் மூச்சு வாங்க மேலே வர முடியாமல் ஆமை மூழ்கிச் சாகிறது. நாற்றத்தில் அந்த உடல்களை அளந்து குறித்த நாளில் மட்டும் பேனர் சுருட்டியபடியே கிடந்தது. அளவு நாடாவின் ஒரு முனையை அவர்தான் பிடித்திருந்தார்.

அவரைச் சும்மா ஆள் என்று வகுப்பு முடிவு கட்டியிருந்ததைக் குலைத்தது திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்த சிகிச்சை முகாம். மாசி மாதம். வகுப்பில் முதல் மாணவர் தோள் வரை உறை மாட்டி, ஒரு பாட்டியின் பசுவைச் சினைப் பரிசோதனை செய்தார். ஆசனவாய் வழியாகக் கைவிட்டு, குடல் சுவருக்கு அப்பால் இருக்கும் கருப்பையை விரலால் உணர வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. சரியாகத்தான் உணர்ந்தார். சொன்னதில்தான் கோளாறு.

"வலது கொம்பு பெருத்திருக்கு" என்றார்.

பாட்டி மாட்டின் தலையைப் பார்த்தாள். "அய்யய்யோ, உள்ளாறயும் கொம்பு மொளைச்சிருக்கா?"

மைக்கோடு செயலாளர் வந்தார். "அது கொம்பில்ல பாட்டி, கர்ப்பப்பை. சினை ஊசி எப்போ போட்டீங்க?"

"தீபம் கழிச்சு ரெண்டா நாளு."

"அப்போ ரெண்டரை மாசம். ஆவணி கடைசியில கன்னு. கடைசி ரெண்டு மாசம் பால் கறக்காதீங்க, மடிக்கு ஓய்வு வேணும். புழு மருந்து கேக்காம குடுக்காதீங்க."

இதெல்லாம் மைக்கில் போனது. பாட்டியின் மாடு சினை என்பது ஊருக்கே தெரிந்தது. அடுத்த மாட்டுக்காரர்களும் தங்கள் முடிவை மைக்கில்தான் சொல்ல வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். நாலரை வருடமும் கல்லூரி மாட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறது. ஆனால் மாட்டோடு கூட வருகிறவர் வாயால்தான் பாதி நோய் தெரியும், அவர் கையால்தான் முழு மருந்தும் உள்ளே போகும். சங்கம் சங்கமாக அலைந்து பேசிய வாய் அன்றைக்கு உதவியது. முதல் மாணவர் கைவிட, செயலாளர் வாய்விட, முகாம் ஜரூராக நடந்தது.

பாட்டிக்குத்தான் திருப்தி இல்லை. ஒரு கிடேரியைப் பிடித்துக்கொண்டு மறுபடி வந்தாள். "இன்னா விவரமாப் பேசற! இத்த நீயே பாரு கண்ணு."

தப்ப வழியில்லை. மைக் முதல் மாணவரிடம் போனது. உறை செயலாளர் கையில் ஏறியது. வாய் ஓய்ந்தது. நெற்றி வேர்த்தது. நெடுநேரம் தடவிவிட்டு, "சினை இல்ல பாட்டி" என்றார், சன்னமாக.

"அது எனக்கே தெரியும். நேத்து சாயங்காலந்தான் பருவத்துக்குக் கத்துச்சு. கையை வுட்டாலும் பேச்சு வருதான்னு பாத்தேன். சரி, ஊசியைப் போடு."

மைக்கைப் பிடித்திருந்தவருக்கு வாய் வராததால், இந்தத் தேர்வு முடிவை மட்டும் ஊருக்கு யாரும் அறிவிக்கவில்லை.