சக்கரத்து நட்டும் பட்டறை நூற்பாக்களும்: கோப்பெங் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சிறிய காரின் சக்கரம் ஒன்றை நான்கு நட்டுகள் பிடித்திருக்கின்றன. நான்கு சக்கரத்துக்குப் பதினாறு. இந்தப் பதினாறையும் முடுக்கித் தருவதாகக் காசு வாங்கிய பட்டறை, அவற்றில் இரண்டை விரலால் கழற்றும் நிலையில் விட்டுவிட்டால், அதன்பின் இரு தரப்பாருக்கும் இடையே நிகழும் உரையாடலின் இலக்கணம் யாது? இக்கட்டுரை ஆராய்வது அதையே. இத்துறையில் தமிழில் நூல்கள் இல்லை. பாதிக்கப்பட்ட புலவர்கள் வாயால் திட்டியதோடு நிறுத்திக்கொண்டது காரணமாகலாம்.

ஆய்வு எல்லை கோப்பெங். ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், ஈயத்தால் வளர்ந்து, ஈயம் போனபின் அடங்கிப்போன ஊர். பெரிய ஆஸ்பத்திரி என்றாலும் கல்யாணப் புடவை என்றாலும் ஈப்போவுக்கு ஓட வேண்டும். ஆகவே இங்கே கார் என்பது ஆடம்பரத்தில் சேராது. ஆய்வுப்பொருள், 2005 முதல் இந்நாட்டுச் சாலைகளை அடைத்துக்கொண்டிருக்கும் பெரோடுவா மைவி வகையைச் சேர்ந்தது, என்னுடையது.

டயர் மாற்றிய மறுநாள், சிம்பாங் பூலாயை நெருங்கும்போது இடப்பக்க முன்சக்கரத்தில் ஓர் ஒலி எழுந்தது. மெதுவாகப் போனால் 'டிக் டிக்', வேகம் கூடினால் 'டகடக'. இவை இரட்டைக்கிளவி, பிரித்தால் பொருள் தரா என்று எண்ணிக்கொண்டே ஓட்டினேன். "ரேடியோவ அடைச்சிட்டுக் கேளுங்க, சக்கரமே பிரியப்போவுது" என்றாள் மனைவி. ஓரம் கட்டி இறங்கினோம். நட்டைச் சுற்றி ரிம்மில் மை தீட்டியதுபோல் கருந்தூள். துளையின் விளிம்பு தேய்ந்து, புது அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது. வட்டமாக இருந்த துளை ஒரு பக்கம் நீண்டிருந்தது. இரண்டு நட்டு சும்மா சுழன்றன. மற்ற இரண்டும் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன.

நட்டு ஏன் கழல்கிறது என்பதில் முன்னோர் ஆய்வு உண்டு. நட்டை முடுக்கும்போது, நட்டு ஏறும் ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. அது திரும்பச் சுருங்கப் பார்க்கும் இழுப்புதான் ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. ஹப்பின் முகத்தில் துருவோ மண்ணோ இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி, இழுப்பு தளர்ந்துவிடும். இழுப்பு தளர்ந்ததும் ரிம் பக்கவாட்டில் நூலளவு வழுக்கத் தொடங்கும். அந்தப் பக்கவாட்டு அசைவே புரியைத் தானாகக் கழற்றுகிறது என்று 1969இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதித்துக் காட்டினார். அவர் எங்கள் பட்டறைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் சோதனை சீக்கிரம் முடிந்திருக்கும்.

இங்கே கையாளும் முறை வேறு. நட்டை முதலில் கையால் நாலு சுற்று ஏற்றி, பிறகு எதிரெதிராக முடுக்க வேண்டும் என்பது விதி. பட்டறைப் பையன் நட்டை ஏர் கன்னின் வாயிலேயே செருகி, 'டர்ர்' என்று ஒரே அடி. வரிசையாக, கடிகார முள் போகும் திசையில். புரி குறுக்கே ஏறினாலும் கன்னுக்குத் தெரியாது. இறுக்கமாக நிற்கும், ஆனால் ரிம்மைத் தொட்டிருக்காது. சிறிய கார்களுக்குத் தேவை ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு மீட்டர் நீளக் குழாயின் நுனியில் பத்துக் கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்ட விசை. அதை அளக்கும் டார்க் ரெஞ்சும் அப்பட்டறையில் இருந்தது. பெட்டியோடு பிள்ளையார் படத்துக்குக் கீழே வைத்திருந்தார்கள். பெட்டியின்மேல் ஊதுவத்திச் சாம்பல்.

இனி, காரைத் திருப்பிக் கொண்டுபோனபோது பட்டறையில் கேட்ட நூற்பாக்கள்.

"நாங்க டைட்டாத்தாண்ணே வச்சோம்."

'நாங்க' என்னும் பன்மை, முடுக்கியவன் யாரென்று சொல்ல விரும்பாமையால் வந்தது. 'தான்' தேற்றப்பொருளில் வந்து ஐயத்தை மறைத்தது. இறந்தகாலம், வாசலைத் தாண்டியபின் பொறுப்பில்லை என்பதைக் குறிப்பால் உணர்த்திற்று.

"லுபாங்ல விட்டிருப்பீங்கண்ணே."

பழி சாலைக்கு மாறியவாறு. லுபாங் என்னும் பள்ளம் இல்லாத சாலை பேராக்கில் எங்குளது என்று வினவின், அது இங்கு எடுத்துக்கொண்ட பொருளன்று.

"ஸ்டட்டு ஈப்போலேருந்து வரணும்."

இது இவ்வட்டாரத்தின் தொன்மையான நூற்பா. பத்து காஜா போகும் சாலையில் கெல்லி மாளிகை நிற்கிறதே, அதை வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கினார். நம்மவர்களைச் சென்னை மாகாணத்திலிருந்து வரவழைத்தார். வேலையாட்களில் பலரை விஷக்காய்ச்சல் கொண்டுபோனது. அவர்களுக்காக ஒரு மாரியம்மன் கோயிலும் எழுந்தது. மாளிகைக்கு லிஃப்ட் வாங்கி வரத்தான் துரை போனார் என்பது ஊர்க்கதை. 1926இல் லிஸ்பனில் இறந்தார் என்பது வரலாறு. லிஃப்ட்டுக்கு விட்ட இடம் இன்றும் காலி. கோயில் மட்டும் முடிந்தது; அம்மன் வேலையில் சாமான் வரவில்லை என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை போலும்.

வாக்குவாதம் முற்றிய நேரத்தில், "அண்ணனுக்கு எந்தத் தோட்டம்?" என்று பட்டறை முதலாளி கேட்டார். சொன்னேன். அவருடைய மாமா இருந்ததும் அதே தோட்டத்து லயம்தான். அப்புறம் நடந்ததெல்லாம் வேறு. தே தாரிக் வந்தது. இல்லாத ஸ்டட் உள்ளறையிலிருந்து வந்தது. ஹாஃப்கட் கடையில் பழைய ரிம் ஒன்றும் அன்று மாலைக்குள் கிடைத்தது, எல்லாம் அவர் செலவில். பிள்ளையாரின் காலடியிலிருந்த ரெஞ்சையும் இறக்கினார்கள். பதினாறு முறை 'கிளிக்' கேட்டது.

என் கருதுகோள் இதுவே: இவ்வட்டாரத்தில் நட்டை முடுக்கும் விசை லயத்தின் பெயரால் அளக்கப்படுகிறது. எனக்கு இது லாபம். என்றாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. எந்தத் தோட்டமும் இல்லாத ஒருவர், தஞ்சோங் மாலிமிலிருந்து வந்த ஆசிரியை என்று வையுங்கள், இரண்டாம் நூற்பாவோடு வெளியே அனுப்பப்பட்டிருப்பார். சக்கரம் கழன்றால் அது தோட்டம் பார்த்து உருளாது.

அப்படிப்பட்டவருக்காகவே 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்து தருவதாகப் பட்டறை சொல்லாமலே உறுதி கொடுத்திருக்கிறது என்கிறது அதன் 53ஆம் பிரிவு. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதியக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள். பொதுவாக வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை, நீங்களே பேசலாம். தீர்ப்பை மதிக்காமல் இருப்பதும் குற்றம்.

பட்டறைக்காரர்களுக்கு இது தெரியாமலில்லை. அதனால்தான் நான்காவது நூற்பா: "பில்லு எதுக்குண்ணே, நம்ம ஆளுதானே, பத்து வெள்ளி கொறச்சிக் குடுங்க." இதற்கு உரை தேவையில்லை. அந்தப் பத்து வெள்ளியையும் சேர்த்துக் கொடுத்து, தேதியும் கார் எண்ணும் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள். ஈப்போ போய்த் திரும்பி, இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும், சக்கரம் ஆறியபின் அந்த நட்டுகளை ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.