சாலமாண்டருக்கு மாப்பிள்ளை விருந்து ஆகாது

வாங்கி வந்த சாலமாண்டர் புதுத் தொட்டியில் நல்லபடியாகப் பழக வேண்டுமானால், வீட்டிலிருப்பவர்கள் ஒரு வாரம் அதன்மேல் அன்பு காட்டாமல் இருக்க வேண்டும். கூடலூரில் இதைவிடக் கடினமான நிபந்தனை கிடையாது. வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்புவது இங்கே பகைக்குச் சமம். ஆனால் ஆக்ஸலாட்டல் என்று கடைகளில் விற்கும் இந்த மெக்சிகோப் பிராணிக்கு மாப்பிள்ளை விருந்து ஒத்துக்கொள்ளாது. இடம் மாறிய மிரட்சியில் இரண்டு மூன்று நாள் அது வாயே திறக்காமல் கிடக்கலாம். "ஒண்ணும் திங்க மாட்டேங்குதே" என்று ஆளாளுக்குப் புழுவைப் போட்டால், தின்னாத புழு அழுகி, அமோனியா ஏறி, தண்ணீரே விஷமாகும். அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா புதுத் தொட்டியில் பெருகச் சில வாரங்களாவது ஆகும். ஆகவே விருந்தாளி வருவதற்கு ஒரு மாதம் முன்பே, சிட்டிகை மீன் தீனி போட்டு, பில்டரை ஓட விட வேண்டும். ஆளில்லாத தொட்டிக்கு மோட்டார் ஓடுவதைப் பார்த்து அக்கம்பக்கம் என்ன பேசும் என்பது தனி விவகாரம்.

தொட்டுக் கொஞ்சுவதும் கூடாது. பார்வைக்குப் பல்லி, உறவுமுறையில் தவளைக்கு நெருக்கம். செதில் இல்லாத ஈரத்தோல் வழியாகவும் அது மூச்சு விடுகிறது, கையிலிருக்கும் சோப்பும் தைலமும் அதே வழியாக உள்ளே போகும். கண்ணுக்கு இமை கிடையாது. டியூப்லைட் அதற்குத் தண்டனை. பல்லியைப் போல உத்தரத்தில் உட்கார்ந்து சகுனம் சொல்லாது, தலையில் விழாது, ஆகவே பஞ்சாங்கத்தில் பலன் தேடும் வேலையும் இல்லை. வெளிச்சம் குறைந்த ஒரு மூலையும், நுழைந்து ஒளிய ஒரு மண்குழாயும் போதும். அழகுக்குக் கூழாங்கல் போடவே கூடாது. இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும் வாய் அது. கல்லும் கூடவே போய்க் குடலை அடைக்கும்.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது என்றால், "1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணைத் தண்ணீரையா குறை சொல்றீங்க?" என்று இங்கே ஒரு ஆட்சேபம் நிச்சயம் எழும். குறை தண்ணீரில் இல்லை, நம் வயிறு கெடாமலிருக்கக் கலக்கும் குளோரினில். அதை முறிக்கும் மருந்து மீன் கடையில் கிடைக்கிறது. செப்புக்குடத்தில் ஊற்றி வைத்தால் விசேஷம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: செம்பு இதற்கு நஞ்சு. திராட்சைத் தோட்டத்து மண்புழுவையும் இதனால்தான் தவிர்க்க வேண்டும். அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையில் இருப்பது மயில்துத்தம், அதாவது செம்பு. மருந்து படாத மண்புழு உரத் தொட்டியில் எடுத்ததைப் போடலாம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: குமுளிக் காற்று இருக்கும்போது தொட்டிக்கு ஏசி எதற்கு? ஆனி, ஆடிச் சாரலில் அந்த வாதம் கொஞ்சம் எடுபடும். சித்திரையில் பள்ளத்தாக்கு 35 டிகிரியைத் தாண்டும்போது எடுபடாது. ஆக்ஸலாட்டலுக்கு இதமானது 16 முதல் 18 டிகிரி. 24ஐத் தாண்டினால் ஆபத்து. மெக்சிகோ என்றதும் பாலைவனமும் கள்ளியும் நினைவுக்கு வருகின்றன, ஆனால் அதன் சொந்த ஊரான சொச்சிமில்கோ ஏரி ஏறத்தாழ ஊட்டி உயரத்தில் இருக்கிறது. டேபிள் ஃபேன் சில டிகிரிதான் இறக்கும். மிச்சத்துக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும். நீலகிரிக் கூடலூர் என்றால் கரண்ட் பில் கொஞ்சம் குறையும். நம்முடையது தேனிக் கூடலூர்.

இத்தனை செலவுக்கு மேகமலையில் ஒன்றைப் பிடித்து வரலாமே என்றால், அங்கே தவளை உண்டு, சாலமாண்டர் கிடையாது. டார்ஜிலிங் பக்கம் இருக்கும் இமயமலை இனம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, வளர்க்க முடியாது. ஆக்ஸலாட்டலையும் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பெயர் வைக்க மட்டும் அவசரப்பட வேண்டாம். ஏறத்தாழ ஒரு வயது வரை ஆணா பெண்ணா என்று தெரியாது. முத்தையா என்று கூப்பிட்டுப் பழகிய பிறகு அது முட்டையிட்டால் சங்கடம் நமக்குத்தான்.