மூன்று சக்கர ஊர்திகளின் எஞ்சினும் பெயரும்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

எஞ்சின் மாறினால் பெயரும் மாற வேண்டும் என்பது இத்தாலிய மரபு. ஜுசெப்பே கப்ரியெல்லி வடிவமைத்து 1942இல் பறந்த ஃபியட் ஜி.55 சண்டை விமானத்துக்கு ஜெர்மானிய டைம்லர்-பென்ஸ் எஞ்சின். போருக்குப் பிறகு விமானம் செய்ய ஆள் இருந்தது, ஆலை இருந்தது. எஞ்சின் இருப்புதான் தீர்ந்துவிட்டது. எதிரியின் ஸ்பிட்ஃபயரில் உறுமிய அதே ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லினை 1948இல் கூச்சமின்றிப் பொருத்தினார்கள். ஜி.55, ஜி.59 ஆயிற்று. இருக்கைக்கும் எழுத்து உண்டு: 4ஏ என்றால் ஒருவர், 4பி என்றால் இருவர்.

இத்தனை துலக்கமான முறை ராஜபாளையத்தில் எடுபடவில்லை. ஊருக்கு எண் புதிதல்ல. நூற்பாலைகளில் நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்றுதான் நூலுக்குப் பெயர். எண் ஏற ஏற நூல் மெலியும் என்பது மில்லுக்குப் போகாதவருக்கும் தெரியும். ஆட்டோ விஷயத்தில் மட்டும் இந்த நுட்பம் கைவிடப்பட்டது. புகை கக்கிய இரண்டு ஸ்ட்ரோக் போய் நான்கு ஸ்ட்ரோக் வந்தது. கேஸ் வந்தது, டீசல் வந்தது, பேட்டரியும் வந்துவிட்டது. பெயர் ஆட்டோவேதான். கம்பெனி சூட்டிய எழுத்துகளும் எண்களும் ஆர்.சி. புத்தகத்துக்குள் பத்திரமாக உறங்குகின்றன.

வம்சாவளியில் குறையில்லை. பியாஜியோ, போருக்கு முன்பும் போரின்போதும் விமானம் செய்த கம்பெனி. 1942இல் அது பறக்கவிட்ட பி.119 சண்டை விமானத்தில் எஞ்சின் விமானிக்கு முதுகுப் பக்கம் இருந்தது. ஒன்றே ஒன்று செய்ததோடு சரி. போருக்குப் பின் அதே கம்பெனி 1946இல் வெஸ்பா ஸ்கூட்டரையும், 1948இல் மூன்று சக்கர ஆப்பேயையும் கொண்டுவந்தது. அதன் உரிமத்தில் ஸ்கூட்டர் செய்யத் தொடங்கிய பஜாஜ், உரிமம் முடிந்த பிறகு 1977இல் பின்பக்க எஞ்சின் ஆட்டோவை இறக்கியது. இத்தாலி ஒன்றோடு நிறுத்திய ஏற்பாடு ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் வரிசைகட்டி நிற்கிறது. இரண்டுக்கும் நேரடி உறவு உண்டென்று நிறுவ முடியாது. ஆய்வுக் கட்டுரைகள் அதற்காக நின்றுவிடுவதில்லை.

வகைப்பாட்டில் உண்மையான சிக்கல் இருக்கையில்தான். இத்தாலிய முறைப்படி டிரைவர் தனியாகப் போனால் 'ஏ'. பின்சீட்டில் மூவர் ஏறினால் 'டி'. மில் ஷிப்டு விடும் நேரத்தில் டிரைவரின் இருபுறமும் ஆளுக்கொரு அரை இருக்கை முளைக்கிறது. குழந்தைகள் மடியில் என்பதால் கணக்கில் வருவதில்லை. ஆடிப்பூரத் தேரன்று எழுத்து எதுவரை ஓடும் என்று டிரைவருக்கே தெரியாது. "இன்னும் ஒரு ஆள் ஏறலாம்" என்பதே அன்றைய வகைப்பெயர். ஆட்டோ பர்மிட்டில் எழுதியிருப்பது டிரைவர் போக மூன்று பேர்.