ஜாக்கிரதை பெரியப்பா

கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியும் முடிந்து எல்லோரும் பீடாத் தட்டைச் சுற்றி நிற்கிற நேரத்தில், ஒருவர் மட்டும் சமையல்கட்டுப் பக்கம் போய், முழங்காலைத் தரையில் ஊன்றி, மூக்கை நீட்டிக்கொண்டிருப்பார். மோதிரம் கீதிரம் விழுந்துவிட்டதோ என்று யாராவது உதவிக்குக் குனிந்தால் தொலைந்தார்கள்.

"காஸ் காத்தை விடக் கனம் தம்பி. நின்னுக்கிட்டு மோந்து பாத்தா தெரியாது, தரையோட தரையாப் படியும். அதுக்குன்னு சொந்தமா வாசனையே கிடையாது, தெரியுமில்ல? லீக் ஆனா நமக்குத் தெரியட்டும்னுதான் மெர்காப்டன்னு ஒரு நாத்தம் புடிச்ச சரக்கைக் கலந்து அனுப்பறான்..."

வந்தவருக்கு பீடா கிடைக்காது. அதற்குள் தட்டு காலியாகியிருக்கும்.

இவர் இல்லாத குடும்பம் கிடையாது. சில வீடுகளில் மாமனாராக இருப்பார், சில வீடுகளில் தாய்மாமனாக. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கச் செயலாளர். எங்கள் குடும்பத்தில் பெரியப்பா. கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸ் முழுக்க அடுத்தவர் போட்ட கூட்டலில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினார். இப்போது அதே வேலையை வீட்டில் சம்பளமில்லாமல் பார்க்கிறார்.

உறவினர் வீட்டுக்குப் போனால் "வாங்க, வாங்க" என்பதற்கு அவரிடமிருந்து பதில் வராது. கண் சுவிட்ச் போர்டில் இருக்கும். மிக்ஸி பிளக்கில் எர்த் பின் உடைந்திருந்தால் காபி ஆறிவிடும் என்று அர்த்தம். "மூணாவது பின் மட்டும் ஏன் நீளமா இருக்கு, சொல்லு பாப்போம்?" என்று அந்த வீட்டுப் பிள்ளையைப் பிடித்துக்கொள்வார். பிளக்கைச் சொருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பது விடை. எங்கள் சொந்தத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். பெரியப்பா வருகிறார் என்றால் வாய்ப்பாட்டை மறந்தாலும் இதை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்ளும்.

வீட்டில் அவருக்குப் பிடித்த பொருள், மெயின் போர்டில் இருக்கும் ஆர்சிசிபி. மருமகள், பேரன், பேத்தி எல்லோரும் அதற்குப் பின்னால்தான். கணக்குப் பிரிவு மனிதருக்கு அதைப் பிடிக்காமல் எப்படி இருக்கும்? ஒரு கம்பி வழியாகப் போகிற மின்சாரமும் இன்னொரு கம்பி வழியாகத் திரும்புகிற மின்சாரமும் டேலி ஆகிறதா என்று இருபத்து நாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிற வரவு-செலவுப் புத்தகம் அது. 30 மில்லி ஆம்பியர் துண்டு விழுந்தாலே போதும், பட்டென்று கணக்கை மூடிவிடும். துண்டு விழுந்தது யாருடைய உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கலாம் அல்லவா?

அதில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பா அழுத்துவார். எப்போது என்பதுதான் விஷயம். மகன் அலுவலக மீட்டிங்கில் கம்ப்யூட்டர் முன்னால் சட்டையும் லுங்கியுமாக உட்கார்ந்து மேலதிகாரிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பான். பெரியப்பாவுக்குக் கை ஊறும். டக். வீடே இருண்டுவிடும். "பிரமாதமா வேலை செய்யுது!" என்று இருட்டில் குரல் மட்டும் வரும்.

ஆனால் ஒரு நாள் அது தானாகவே விழுந்தது. கிரைண்டர் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. ஈரக்கையோடு சுவிட்ச் போட்ட மருமகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு வீட்டில் யாரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை. தெரு முழுக்க அவர் வீடு வீடாகப் போய் இதைச் சொல்லி முடித்த பிறகுதான் பழையபடி ஆரம்பித்தோம்.

சிலிண்டர் வருகிற நாள் அவருக்குப் பண்டிகை. கொண்டுவருகிற தம்பிக்கு அப்படி இல்லை. 'சார் வீடு கடைசி' என்று வைத்துக்கொண்டு தெருவில் மற்ற எல்லா வீட்டையும் முடித்துவிட்டுத்தான் வருவார். தராசில் தொங்கவிட வேண்டும். சிலிண்டர் மேலேயே எழுதியிருக்கிற காலி எடையைக் கழித்தால் 14.2 கிலோ நிற்க வேண்டும். சீல் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்து வால்வுக்குள் கருப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் கைப்பிடியைத் தாங்குகிற பட்டையின் உள்பக்கம் எழுதியிருக்கும் எழுத்து. சி-27 என்றிருந்தால் 2027 ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். ஏ, பி, சி, டி நான்கும் வருஷத்தின் நான்கு காலாண்டு. மருமகள் வந்த புதிதில் அதை ஏதோ ரயில் பெட்டி நம்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நடத்திய வகுப்பில் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. அணைந்த அடுப்பிலிருந்து காஸ் வருவதன் ஆபத்து அடுத்த வகுப்பானது.

ஒரு தடவை, இவ்வளவும் முடிந்த பிறகு தம்பி கேட்டார்: "சார், போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

பெரியப்பா ஓர் அடி பின்னால் போனார். "எந்த நம்பர்?"

"டெலிவரி நம்பர் சார். சொன்னாத்தான் என் போன்ல முடியும்."

"ஓடிபி கேக்கறே!"

"சார், நான் எட்டு வருஷமா உங்க வீட்டுக்கு சிலிண்டர் போடறேன்."

"அதனாலதான் கேக்கறேன். எட்டு வருஷமாப் பழகி நம்பிக்கையை வளத்துட்டுத்தான் கேப்பாங்களாம். போட்டிருந்தான்."

பேச்சுவார்த்தை வாசலில் நடந்துகொண்டிருக்கும்போதே பெரியம்மா வெளியே வந்தார். பெரியப்பாவின் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்தார், கண்ணைச் சுருக்கி நம்பரைப் படித்துச் சொன்னார், தம்பியைத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். சிலிண்டரை விளிம்பில் உருட்டியே உள்ளே கொண்டுபோனார். ரெகுலேட்டரை மாட்டி, கிண்ணத்தில் கரைத்த சோப்புத் தண்ணீரை மூட்டில் தொட்டு வைத்து, குமிழி வருகிறதா என்று ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துக் குழம்புக்குப் புளியும் கரைத்துவிட்டார். பெரியப்பா இன்னும் வாசலில்தான் இருந்தார். சைபர் மோசடிக்கு 1930, காஸ் கசிவுக்கு 1906 என்று எதிர்வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். எரிவாயு பற்றிக் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு அடுப்பில் வெந்நீர் வைக்கத் தெரியாது. ராத்திரி படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடுகிற கை வேறொருவருடையது. அந்தக் கைக்கு ஒரு நாளும் மெர்காப்டன் என்று சொல்லத் தெரியாது. கைப்பிடி வைத்த வாணலியை அடுப்பில் வைத்தால், பிள்ளைகள் இழுத்துவிடாதபடி கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்கும். முந்தானையை இடுப்பில் செருகாமல் அடுப்பங்கரைக்குள் நுழையாது. தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை முறுக்குச் சட்டி எண்ணெயில் தீப்பிடித்தபோது, பெரியப்பா "தண்ணி ஊத்தாதே! தண்ணி ஊத்தாதே!" என்று கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினார். சொன்னது முழுக்க முழுக்கச் சரி. எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் நெருப்பு கூரை வரை சீறும். பெரியம்மா அடுப்பை அணைத்து, பெரிய தட்டொன்றைச் சட்டிமேல் மூடிவிட்டு, "அந்த மாவுல உப்பு பாத்தியா?" என்று மருமகளைக் கேட்டார்.

மருமகளுக்குக் குக்கர் ஆவி கையில் அடித்த நாளும் அப்படித்தான். பக்கத்து வீட்டம்மாள் டூத்பேஸ்ட்டோடு வந்தார், மாடி வீட்டுக்காரர் மையோடு வந்தார், யாரோ இட்லி மாவு என்றார்கள். பெரியப்பா எல்லோரையும் தடுத்து நிறுத்தினார். "ஒண்ணும் தடவக் கூடாது! கட்டிங் வெச்சிருக்கேன்" என்று பீரோவைத் திறந்தார். பத்திரிகையில் வந்த குறிப்புகளையெல்லாம் வெட்டி ஒட்டிய கோப்புகள் அவரிடம் உண்டு: மின்சாரம், எரிவாயு, பாம்பு, திருடன், இதரம். தீக்காயம் எரிவாயுவில் வருமா இதரத்தில் வருமா என்பதில் அவருக்கே ஒரு தடுமாற்றம். கண்டுபிடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும்" என்று உரக்கப் படித்தபோது அவளுடைய கை பதினெட்டாவது நிமிஷத்தில் இருந்தது. பெரியம்மா அப்போதே வளையலைக் கழற்றிவிட்டுக் குழாயடியில் பிடித்துவிட்டார்.

பூட்டு விஷயத்துக்கு வருவோம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த அன்று எங்கள் வீட்டில் பாயசம். பெரியப்பா பூட்டுகிற அழகைப் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்புவார். இழுத்துப் பார்ப்பார். இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார். பிறகு உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்துத் தொங்குவார். பூட்டு தாங்கிவிடும், நாதாங்கியின் ஸ்க்ரூ ஆடும். வருஷா வருஷம் தச்சரைக் கூப்பிட்டு அதை இறுக்க வேண்டியிருக்கிறது. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை தொங்குவதால் ஆட்டோக்காரர் இப்போதெல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டே காத்திருக்கிறார்.

மாற்றுச் சாவி இருக்கிறது, பத்திரமான இடத்தில். அது எந்த இடம் என்று அவருக்கும் தெரியாது. முதலில் அரிசி டிரம்மில் இருந்தது. அரிசி தீர்ந்த மாதம் இடம் மாறியது. சாமி படத்துக்குப் பின்னால் வைக்கலாம் என்றால், திருடன் முதலில் கும்பிடுவது அங்கேதான் என்பார். கரண்ட் போனால் டார்ச்சைத் தேட மெழுகுவர்த்தி வேண்டும். மெழுகுவர்த்தி பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். அதை எடுக்க ஸ்டூல் வேண்டும்.

ஸ்டூல் என்றதும் நினைவு வருகிறது. இத்தனை ஜாக்கிரதையும் ஊருக்குத்தான். டியூப்லைட் மாற்றுகிறபோது பெரியப்பா நாற்காலிமேல் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் மூன்று வருஷத்து டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கி ஏறி நிற்பார். மெயினை அணைக்கச் சொன்னால், "ரப்பர் செருப்பு போட்டிருக்கேன்ல?" கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் கும்பகோணம் போகத் திட்டம். நான்கு நாள் வீடு பூட்டிக் கிடக்கும். வெளியூர் போகிறவர்கள் பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வருகிறவர்கள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடு. எங்கள் சொந்தத்தில் அதைப் பயன்படுத்துகிறவர் பெரியப்பா ஒருவர்தான். துணைக்கு நானும் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த ஏட்டு மரியாதையாக உட்காரச் சொல்லி, நோட்டைத் திறந்தார்.

"எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் சார்?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். ஏட்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அது எதுக்கு உங்களுக்கு?"

"தேதி தெரிஞ்சாத்தானே சார் ரோந்து அனுப்ப முடியும்?"

"தோராயமா அனுப்புங்க. நாங்க இல்லாதப்போ வந்தாப் போதும்."

ஏட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். விலாசமாவது சொல்லுங்கள் என்றார். தெருப் பெயரைச் சொன்ன பெரியப்பா, கதவு எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டிவிட்டு, அதை மடித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். தேதியைக் கடைசிவரை சொல்லவில்லை. எழுந்து வருகிறபோது சுவரிலிருந்த பிளக்கைக் காட்டி, "எர்த் பின் இல்லை, பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து வண்டியை எடுக்குமுன் யதேச்சையாகப் போனைப் பார்த்தேன். பெரியப்பாவின் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ். காலையிலேயே போட்டிருக்கிறார். குடும்பத்தோடு எடுத்த படம். பக்கத்தில் ரயில் டிக்கெட்டின் படம், போகிற தேதி, வருகிற தேதி, பெட்டி எண் சகிதம். கீழே 'வியாழன் முதல் ஞாயிறு வரை குடந்தையில்' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி, இரண்டு கும்பிடு.

வீடு திரும்பியபோது, எதிரே வந்த பால்காரர் எங்களைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்தினார். "சார், வியாழக்கிழமையிலிருந்து பால் நிறுத்திடறேன். திங்கள் காலையில ஒரு லிட்டர் போட்டாப் போதும்ல?"

பெரியப்பா என் பக்கம் திரும்பி, காதோடு காதாகக் கேட்டார்: "இவனுக்கு யார்ரா சொன்னது?"