கருவாட்டு சி.இ.ஓ.

ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் முதுமக்கள் தாழி தேடுகிறவர்கள்கூட முதலில் குழி போட்டுத்தான் பார்ப்பார்கள். அங்கிருந்து தூத்துக்குடி வரை எந்த டீக்கடையிலும் இருக்கும் ஸ்டார்ட்அப் தம்பிக்கு அந்தப் பொறுமை கிடையாது. பொருள் வருவதற்குள் விசிட்டிங் கார்டு வந்துவிட்டது, அதில் சி.இ.ஓ. என்றும் போட்டாயிற்று. என்ன தொழில் என்றால், “ஸ்விக்கி மாதிரி அண்ணாச்சி, ஆனா கருவாட்டுக்கு” என்பார். எல்லாமே மாதிரிதான், காட்டுவதற்கு ஒரு மாதிரி மட்டும் இல்லை. வற்புறுத்திக் கேட்டால் செல்போனில் நாலு படத்தைத் தள்ளிக் காட்டுவார். ‘ஆர்டர்’ பொத்தானை அமுக்கினால் ஒன்றும் நடக்காது. அதையும் இதுவரை பார்த்தவர்கள் மாமா, சித்தி, கூடப் படித்தவன். மூவரும் ‘சூப்பர்’ என்றார்கள். சித்தி சுத்த சைவம்.

தம்பி பிறந்த கடற்கரை இந்த விஷயத்தில் அவரைவிடக் கெட்டி. அந்தக் காலத்தில் சலாபம் என்னும் முத்துக்குளிப்பைக் கூட்டுவதற்கு முன், கடலடியில் சிப்பி கிடக்கும் பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மட்டும் எடுப்பார்கள். அழுகவிட்டு, அந்த நாற்றத்தையும் பொறுத்து, அலசி, கிடைத்த முத்தைச் சல்லடையில் தரம் பிரித்து, வியாபாரிகளிடம் விலை மதிக்கக் கொடுப்பார்கள். கட்டுபடியானால் சலாபம், இல்லையென்றால் மிச்சச் சிப்பி கடலிலேயே கிடக்கும். விலை சொன்னவர் யாருக்கும் சித்தி இல்லை, முத்து வாங்கி விற்றுப் பிழைப்பவர் என்பதுதான் இதில் விசேஷம். “அழகா இருக்கு” என்பதை எந்தக் கணக்கிலும் வரவு வைக்க முடியாது.

வெளியே காட்டினால் ஐடியாவைத் திருடிவிடுவார்களே என்பார் தம்பி. முத்துச் சிப்பிக்குப் பேர்போன தோலாயிரம் பார் எங்கே இருக்கிறது என்பது அன்று கரைக்கே தெரிந்த சங்கதி. தெரியாதது, அந்தந்த வருஷம் அதில் முத்து தேறுமா என்பதுதான். அரைகுறையாக இறங்கினால் பெயர் கெடுமே என்பார். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது சொந்தக் கப்பல் கிடையாது. ஓடியது வாடகைக் கப்பல். பெயர் கெடவில்லை. வயிறு கலங்கியது பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிக்குத்தான், கப்பல் கொடுத்தவரை நெருக்கி வாடகை ஒப்பந்தத்தை முறிக்க வைக்கும் அளவுக்கு. சொந்தக் கப்பல்கள் பிறகுதான் வந்தன. மாதிரியும் ஏமாற்றுமே என்றால், அது நியாயமான கேள்வி. செழித்துக் கிடந்த சிப்பி மறு வருஷம் பாரில் இல்லாமல் போனதும் இந்தக் கடலில் நடந்ததுதான். அதற்காக யாரும் பார்ப்பதை விடவில்லை, திரும்பவும் போய்ப் பார்த்தார்கள்.

ஆகவே, தம்பி, ஆப் அப்புறம் இருக்கட்டும். நாளைக்கு ஒரு கிலோ நெத்திலிக் கருவாட்டை வாட்ஸ்அப்பில் படம் போட்டு, முன்பணம் வாங்கி, சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். சித்தி வீட்டுக்கு வேண்டாம்.