பூஜ்யம் எட்டு

ஷெல் ஸ்கிரிப்ட் படிக்க ஆரம்பித்ததே சோம்பேறித்தனத்தால்தான். சங்கரன்கோவிலில் தறி வைத்து சேலை வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சியிடம் கணக்கெழுதுகிறேன். தினமும் சாயங்காலம் அன்றைய பில்களை அந்த மாத ஃபோல்டரில் போட்டு, பென் டிரைவில் ஒரு நகல் எடுக்க வேண்டும். கையால் செய்தால் கால் மணி நேர வேலை. அதை மிச்சம் பிடிக்கத் தொலைத்த ராத்திரிகளை எந்தப் பேரேட்டிலும் ஏற்ற முடியாது.

பெட்டி, அக்கா மகனுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். அவன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் கறுப்புத் திரையைத் திறந்து உட்கார்ந்ததும் வீட்டில் என்னை ஹேக்கர் என்று நம்பிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

முதல் அடி சமக்குறியிடம். ஒரு மாறிக்கு 'masam' என்று பெயர் வைத்து, பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு சமக்குறி போட்டேன். கணக்கெழுதிய கை நெருக்கி எழுதாது. ஷெல்லோ வரியின் முதல் சொல்லைக் கட்டளையாகத்தான் எடுத்துக்கொள்ளும். 'masam' என்றொரு கட்டளையே கிடையாது என்று அது சொல்லச் சொல்ல, லேப்டாப்பில் வைரஸ் என்று முடிவு கட்டினேன்.

அடுத்ததும் இடைவெளிதான். 'பாவு நூல் பில்' என்ற ஒரே கோப்பை மூன்றாகப் பிய்த்துப் போட்டு, பாவு இல்லை, நூல் இல்லை, பில் இல்லை என்றது. இரட்டை மேற்கோளுக்குள் வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். அது தெரியாமல், 1979-இல் வெளிவந்த ஷெல்லை எழுதிய ஸ்டீபன் போர்னையும், அதன் வழியில் 1989-இல் பேஷ் எழுதிய பிரையன் ஃபாக்ஸையும் திருநெல்வேலிப் பாஷையில் வைதேன். எழுத்தெண்ணும் கட்டளையிடம் ஊர்ப் பெயரைக் கொடுத்தேன், 40 என்றது. விரல் விட்டு எண்ணினால் எட்டுதான். யூனிகோடில் புள்ளி, கொம்பு, கால் என்று சேர்த்து 13 குறி, குறிக்கு மூன்று பைட், வரிமுடிவுக்கு ஒன்று என்ற கணக்கு பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு பஸ்ஸில் எழுதியிருந்த பெயரை நின்று எண்ணிப் பார்த்தேன்.

இப்படியாகப் பொங்கல் கழிந்து ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியது. மாத எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அடுத்த மாத ஃபோல்டரையும் முன்கூட்டியே திறந்து வைக்கும். என் சொந்தக் கைவரிசை அது. ஜூலை வரை பிசகில்லை. ஆகஸ்ட் 1 அன்று நின்றது. அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"ஆடித் தபசுக்கு நமக்குத்தான் லீவு. ஒம் பொட்டிக்குமாடே?"

ஆகஸ்டும் செப்டம்பரும் கையாலேயே தள்ளினேன். ஆயுத பூஜைக்குத் தறிகளுக்கு வைத்த சந்தனம் குங்குமத்தில் லேப்டாப்புக்கும் ஒரு பொட்டு வைத்தேன். மறுநாள் ஓட்டினால், ஒரு எழுத்தும் மாற்றாத அதே ஸ்கிரிப்ட் ஜம்மென்று ஓடியது! கோமதி அம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு, கடையில் மட்டும் "சரி பண்ணிட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

விஷயம் வேறு. ஆகஸ்டைத் தேதிக் கட்டளை '08' என்று கொடுக்கும். முன்னால் பூஜ்யம் இருந்தால் பேஷ் அதை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். சி மொழி வழியாக வந்த பழக்கம். அந்த முறையில் எட்டும் ஒன்பதும் கிடையாது. ஏழு வரை இரண்டு கணக்கும் ஒன்று. அக்டோபரில் முன்பூஜ்யமே இல்லை. எண்ணுக்கு முன்னால் '10#' சேர்த்தால் வருஷம் பூராவும் ஓடும். நவம்பரில் இதைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டு, அண்ணாச்சியிடம் முழு நம்பிக்கையோடு சாவியைக் கொடுப்பது போல் பெட்டியைக் கொடுத்தேன்.

டிசம்பர் 1 அன்று அது '13' என்றொரு ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தது.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தார். "இருக்கட்டும்டே, அழிச்சிராத. நூல் கடைக்காரன் பாக்கி கேட்டா, பதிமூணாம் மாசம் தாரேன்னு சொல்லிரலாம்."